ஒரு பாட்காஸ்ட்டை மட்டும் நம்பி ஜாஸ் பியானோ கற்கலாமா?

இடக்கை:

நான் கேட்கும் ஜாஸ் பியானோ பாட்காஸ்ட் பல ஆண்டுகளாக வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. பழைய எபிசோட்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. நடத்துபவர் சுவையாகப் பேசுகிறார். பேச்சுக்கு நடுவே பியானோவில் வாசித்தும் காட்டுகிறார். நடக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதைத்தான் கேட்கிறேன்.

விளைவைச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் கோட்பாட்டில் வரும் ட்ரைடோன் மாற்றுக் கார்ட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் விளக்குவேன். ஆனால் 32 பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரு சாதாரணப் பாட்டின் கார்ட்களை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுர அடுக்குகளை, நிற்காமல் வாசிக்கச் சொன்னால், முதல் எட்டு பார் முடிவதற்குள் இடது கை தேங்கிவிடும். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

இப்படி ஒரு நீண்ட தொடரை வைத்துக்கொண்டு முறையாகக் கற்க வழி உண்டா? முதல் எபிசோடிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டுமா, தலைப்பைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டுமா? "நேரில் ஓர் ஆசிரியரிடம் போங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். இப்போதைக்கு அதற்கு வழியில்லை.

நள்ளிரவுவாசிப்பு:

நேரில் ஓர் ஆசிரியரிடம் போங்கள்.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் இதே நோய்தான். யார் என்ன மருந்து சொல்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

தாள்பிரியன்:

நான் மேற்கத்தியச் செவ்வியல் பியானோ படித்தவன். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: பாட்காஸ்ட் என்பது இசையைப் பற்றிய பேச்சு. பேச்சைக் கேட்டு யாருக்கும் விரல் நகர்ந்ததில்லை. ஐந்து சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரு கார்டைக் காதால் பிரித்தெடுக்க முயல்வது நேர விரயம். தாளில் எழுதியிருந்தால் ஒரு நொடியில் வாசித்துவிடலாம். அந்தத் தொடருடன் நோட்டேஷன் (இசைக்குறியீடு) தாள்கள் தருகிறார்கள் என்றால் அவற்றை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிடுங்கள்.

கருங்கட்டை:

தாள்பிரியன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மற்ற பாதியோடு சண்டை போடவே இந்தப் பதிவு. நான் ஜாஸ் பியானோ கற்றுத்தருபவள். பாட்காஸ்ட் எபிசோட்களை வீட்டுப்பாடமாகவும் கொடுக்கிறேன். ஆகவே சற்று நீளும்.

முதலில் ஒன்று. ஒலியை வைத்து ஜாஸ் பியானோ கற்பது பாட்காஸ்ட் வந்த பிறகு முளைத்த வழக்கம் அல்ல. அமெரிக்கப் பொது வானொலியில் பியானோ கலைஞர் மரியன் மெக்பார்ட்லண்ட் நடத்திய 'பியானோ ஜாஸ்' நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-இல் ஒலிப்பதிவு தொடங்கியது. முதல் விருந்தினர் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. இரண்டு பியானோக்கள், இரண்டு பேர், நடுவே பேச்சு. அதே 1978-இல் இன்னொரு பியானோ கலைஞர் பில் எவன்ஸும் அந்த நிகழ்ச்சிக்காக உட்கார்ந்து, ஒரு பாட்டின் அடிப்படைச் சட்டகத்தை முதலில் தனியாக வாசித்துக் காட்டி, அதன்மேல் தான் என்னென்ன செய்கிறேன் என்று விளக்குகிறார். அதைக் கேட்டுக் கற்றவர்கள் கையில் எந்தத் தாளும் இல்லை.

அதற்கு முன்பு பியானோ கலைஞரும் ஆசிரியருமான லென்னி ட்ரிஸ்டானோ. தன் மாணவர்களிடம் சாக்ஸஃபோன் கலைஞர்கள் லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்றவர்களின் சோலோக்களை (தனி வாசிப்புகளை) இசைத்தட்டோடு சேர்ந்து பாடச் சொல்வார். வாத்தியத்தைத் தொடுவது பிறகுதான். லீ கோனிட்ஸ், வார்ன் மார்ஷ் எல்லாம் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். ஆகவே "கேட்டால் விரல் நகராது" என்பது உண்மை என்றாலும், அதற்குக் காரணம் காது அல்ல. கேட்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான்.

இப்போது இடக்கையின் கேள்விக்கு வருகிறேன். வரிசையாகவும் கேட்க வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுங்கள். ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களின் மேல் கட்டிய மூன்று கார்ட்கள் அடுத்தடுத்து வருவதுதான் "இரண்டு–ஐந்து–ஒன்று". அந்தத் தலைப்பில் உங்கள் தொடரில் நிச்சயம் ஒரு எபிசோட் இருக்கும். அந்தத் தலைப்பு இல்லாத ஜாஸ் பாட்காஸ்ட்டை நான் பார்த்ததில்லை. அதில் அவர் வாசித்துக் காட்டும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் இருக்காது. மற்றதெல்லாம் பேச்சு, ஒரு முறை கேட்டது போதும். அந்த இரண்டு நிமிடம் கைக்கு வரும்வரை அடுத்த எபிசோடைத் திறக்கக் கூடாது.

'கைக்கு வருவது' என்றால் என்ன என்று விளக்காவிட்டால் இந்த அறிவுரைக்குப் பொருள் இல்லை. சி மேஜரில் எடுத்துக்கொள்வோம். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும்தான் அதன் குணத்தைச் சொல்பவை. டி மைனர் 7-இல் அவை எஃப், சி. ஜி 7-இல் பி, எஃப். சி மேஜர் 7-இல் ஈ, பி. இப்போது இந்த இரண்டிரண்டு சுரங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். முதல் மாற்றத்தில் எஃப் அசையாமல் நிற்கிறது, சி அரைச் சுரம் இறங்கி பி ஆகிறது. இரண்டாவது மாற்றத்தில் பி நிற்கிறது, எஃப் அரைச் சுரம் இறங்கி ஈ ஆகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது.

இதைத் தாளில் பார்த்தால் ஒரு நொடியில் புரியும். ஆனால் புரிவதற்கும், அந்த சி வழுக்கி பி-யாகும் ஓசையை ஒரு பாட்டின் நடுவே காது பிடித்துக்கொள்வதற்கும் இடையே நெடுந்தூரம். ஆகவே என் மாணவர்கள் முதலில் பாட வேண்டும். எபிசோடில் கார்ட்கள் ஒலிக்கும்போது சி–பி–பி என்ற மேல் இழையை மட்டும் பாடுங்கள். பிறகு எஃப்–எஃப்–ஈ என்ற கீழ் இழை. குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பாட முடிந்த பிறகு கட்டைமேல் கை வையுங்கள்.

அது முடிந்தால் அடுத்த படி, ரூட் (கார்டின் அடிச் சுரம்) இல்லாத நான்கு சுர வாய்சிங், அதாவது கார்டின் சுரங்களைக் கையில் அடுக்கும் விதம். டி மைனருக்கு எஃப், ஏ, சி, ஈ. ஜி-க்கு எஃப், ஏ, பி, ஈ. சி-க்கு ஈ, ஜி, பி, டி. இங்கும் டி மைனரிலிருந்து ஜி-க்குப் போகும்போது சி மட்டும்தான் பி-யாக மாறுகிறது, மற்ற மூன்று விரல்களுக்கும் வேலை இல்லை. பில் எவன்ஸ், வின்டன் கெல்லி, ரெட் கார்லண்ட் ஆகியோரின் இடது கையில் 1950-களின் இறுதியில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

இதைப் பன்னிரண்டு ஸ்கேல்களிலும் வாசிக்க வேண்டும். அது ஒரு வாரத்தில் நடக்காது. அதற்குள் பாட்காஸ்ட்டில் புதிய எபிசோட்கள் வந்துகொண்டே இருக்கும். வரட்டும்.

நள்ளிரவுவாசிப்பு:

"வரட்டும்" என்பதைப் படித்ததும் நெஞ்சில் குத்தியது. புதிய எபிசோட் வந்ததும் கேட்காமல் இருப்பதா?

கருங்கட்டை:

கேளுங்கள், யார் தடுத்தது? பாத்திரம் தேய்க்கும்போது கேளுங்கள். அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். அவ்வளவுதான்.

செவிவழி:

தாள்பிரியன் ஐயாவுக்கு ஒரு சொல். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. திரைவாசிப்பான் வழியாக இந்த இழையைப் படிக்கிறேன். எனக்குப் பாட்காஸ்ட் என்பது இரண்டாந்தர வழி அல்ல. அதுதான் முதல் வழி.

வீடியோ பாடங்களில் ஆசிரியர் "இதோ, இந்தக் கட்டையை இப்படி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எந்தக் கட்டை, எப்படி? பார்ப்பவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பாட்காஸ்ட்டில் அவர் ஏமாற்ற முடியாது. சுரத்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். எந்த விரல், நடு சி-க்கு மேலா கீழா என்று வாயால் சொல்லியே ஆக வேண்டும். பார்வையுள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட ஒன்றில் எனக்கும் சமமான இடம் கிடைப்பது அபூர்வம்.

பிரெய்லில் நோட்டேஷன் உண்டு, நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதை விரலால்தானே தடவிப் படிக்க வேண்டும்? படிக்கிற கையால் வாசிக்க முடியாது. ஒரு கையால் படித்து, மறு கையால் வாசித்து, பிறகு மாற்றி, மனப்பாடம் செய்து, கடைசியில் இரண்டையும் சேர்க்க வேண்டும். எப்படிச் சுற்றினாலும் நினைவில் ஏற்றுவதில்தான் முடிகிறது. அதைக் காதிலிருந்தே தொடங்கினால் என்ன?

ட்ரிஸ்டானோ பார்வையற்றவர். ஜார்ஜ் ஷியரிங் பிறவியிலேயே பார்வையற்றவர். ஆர்ட் டேட்டமுக்கு ஒரு கண்ணில் மட்டும் ஓரளவு தெரியும். ஜாஸ் பியானோவில் இவர்களை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வேறு ஒரு வரலாறு.

தாள்பிரியன்:

செவிவழி அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பிரெய்ல் நோட்டேஷன் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, சொன்னதற்கு நன்றி. ஆனாலும் என் கருத்தை முழுதாக விட்டுவிடவில்லை. பார்வையுள்ள, நோட்டேஷன் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்தத் தாள் ஒரு சரிபார்ப்பு. காது சொன்னது சரியா என்று எங்கே பார்ப்பது?

செவிவழி:

சரிபார்ப்பதற்கு என்றால் எனக்கும் உடன்பாடே. முதலில் காது, பிறகு தாள். அந்த வரிசை தலைகீழாகும்போதுதான் எனக்கு வருத்தம்.

ஒலிவாங்கி:

இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் ஒரு சிறிய பியானோ பாட்காஸ்ட் நடத்துகிறேன். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். மைக்கின் இந்தப் பக்கத்தில் இருப்பவனாகச் சில செய்திகள்.

இடக்கை, நீங்கள் எந்தச் செயலியில் கேட்கிறீர்கள் என்று தெரியாது. அதில் 'மௌனத்தை வெட்டு' என்ற மாதிரி ஒரு வசதி இருக்கும். பேச்சில் இடைவெளி வந்தால் அதைச் சுருக்கி நேரம் மிச்சம் பிடிக்கும். அரசியல் விவாதத்துக்கு நல்லது. இசைக்கு அது விஷம். நான் ஒரு நான்கு பார் வாசித்துவிட்டு, கேட்பவர் திருப்பி வாசிக்கட்டும் என்று நான்கு பார் சும்மா விடுவேன். "நீங்கள் இடைவெளியே விடுவதில்லை, மூச்சு முட்டுகிறது" என்று அஞ்சல் மேல் அஞ்சல் வந்தது. நான் விட்ட இடைவெளியைச் செயலி விழுங்கியிருந்தது! சில நேரம் இசைக்குள் இருக்கும் ஓய்வுகளையும் கடித்துவிடும், தாளம் நொண்டும். இப்போது அந்த இடைவெளிகளில் மெட்ரோனோம் தட்டலை மெல்லிய ஒலியில் ஓடவிடுகிறேன். மௌனம் இல்லாததால் செயலி கை வைப்பதில்லை. நீங்கள் முதல் வேலையாக அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். பலரும் பாட்காஸ்ட்டை ஒன்றரை மடங்கில் கேட்கிறார்கள். நிமிடத்துக்கு 120 தட்டில் நான் வாசித்தது உங்கள் காதில் 180-ஆக விழும். "வேகம்தானே கூடியது" என்று நினைக்காதீர்கள். ஸ்விங் என்ற ஜாஸ் தாள நடையில் ஒரு தட்டு, நீளச் சுரம் ஒன்று, குட்டைச் சுரம் ஒன்று எனப் பிரியும். அந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் வேகத்தைப் பொறுத்தது. டிரம்ஸ் கலைஞர்களின் ரைட் சிம்பல் (தாளம் காக்கும் உலோகத் தட்டு) தட்டல்களை அளந்தவர்கள் கண்டது இதுதான்: மெதுவான பாட்டில் நீளச் சுரம் குட்டையைவிட மூன்று மடங்குக்கும் மேல் போகலாம், வேகம் கூடக் கூட அந்த வேறுபாடு தேய்ந்து, மிக வேகமான பாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். 120-க்கான தள்ளாட்டத்தை 180-இல் ஓட்டினால் இயல்பாக எந்தக் கலைஞரும் வாசிக்காத ஓர் ஓசை கிடைக்கும். அதைத்தான் காது பழகும். பேச்சுக்கு ஒன்றரை மடங்கு, வாசிப்புக்கு ஒரு மடங்கு. இதற்கு மேல் கேட்கமாட்டேன்.

மூன்றாவது, கைப்பேசியின் ஒலிபெருக்கி. நடு சி சுமார் 262 ஹெர்ட்ஸ். அதற்கு இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்தச் சின்னப் பெட்டிக்கு 65-ஐ உருவாக்கும் வலு கிடையாது. அதனால் என்ன நடக்கிறது? நான் கீழே டி-யை அழுத்தி, மேலே எஃப், ஏ, சி வாசிக்கிறேன். டி மைனர் 7. உங்களுக்கு அடியில் உள்ள டி சரியாகக் கேட்கவில்லை. மிச்சம் எஃப், ஏ, சி. அது அச்சு அசல் எஃப் மேஜர்! "நீங்கள் மைனர் என்கிறீர்கள், எனக்கு மேஜராகக் கேட்கிறதே" என்று எழுதியவர்களின் காது சரியாகத்தான் இருந்தது. ஹெட்ஃபோன் போடுங்கள்.

நள்ளிரவுவாசிப்பு:

இவ்வளவு நாளாக எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒலிவாங்கி, உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

இடக்கை:

மௌனத்தை வெட்டும் வசதி என் செயலியில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன். அதே எபிசோட் வேறொன்றாகக் கேட்கிறது. இவர் இத்தனை நிதானமானவர் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒலிவாங்கியிடம் ஒரு கேள்வி. நீண்ட தொடர்களில் ஏன் பாடத்திட்டம் போல ஓர் ஒழுங்கு இருப்பதில்லை? இந்த வாரம் தொடக்கநிலை ப்ளூஸ், அடுத்த வாரம் பாதிக் குறைத்த கார்டின் மேல் என்ன வாசிப்பது, அதற்கடுத்த வாரம் யாரோ ஒருவரின் நேர்காணல். தலை சுற்றுகிறது.

ஒலிவாங்கி:

நேர்மையாகச் சொன்னால், பாடத்திட்டம் போட்டால் தொடர் செத்துவிடும். இன்று புதிதாக வருபவர் பழைய எபிசோட்களைத் தேடிப் போகமாட்டார். மேலே இருப்பதைத்தான் தட்டுவார். அதில் அவருக்கு ஏதாவது புரிய வேண்டும். நெடுநாளாகக் கேட்பவருக்கும் அலுக்கக் கூடாது. இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் தக்கவைக்க முடியாது என்பதால் மாற்றி மாற்றிப் போடுகிறோம். தவிர, உண்மையில் சொல்ல வேண்டிய அடிப்படை மிகக் குறைவு. ஜாஸ் பியானோவின் கோட்பாடு முழுவதையும் சில எபிசோட்களில் சொல்லி முடித்துவிடலாம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடும் எந்தத் தொடரும் அதையேதான் வேறு வேறு வாசல் வழியாகச் சொல்கிறது. இது குற்றம் அல்ல. ஜாஸ் பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் பல பத்தாண்டுகள் பட்டறைகள் நடத்தினார். ஆறாம் சுரக் கார்டையும் டிமினிஷ்ட் கார்டையும் மாற்றி மாற்றி அடுக்கும் அவருடைய எட்டுச் சுர ஸ்கேலை ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம். ஆனாலும் 2021-இல் இறக்கும்வரை அதையே கற்பித்துக்கொண்டிருந்தார், மாணவர்களும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் நூற்றுக்கணக்கான எபிசோட்களைப் பார்த்து "இவ்வளவும் கற்க வேண்டுமா" என்று நீங்கள் மலைத்தால், அந்த மலைப்பு என் தொழிலுக்கு நல்லது, உங்கள் பியானோவுக்குக் கெடுதல்.

கரகரப்பிரியன்:

தாமதமாக வருகிறேன். நான் கர்நாடக இசை பாடுபவன், கீபோர்டில் ஜாஸ் தடவிக்கொண்டிருக்கிறேன். நம் ஆட்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? டி டோரியன் என்று பாட்காஸ்ட்டில் சொல்வது டி-யை ஷட்ஜமாக வைத்த கரகரப்பிரியா. மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி. லிடியன் கல்யாணி. மேஜர் சங்கராபரணம். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 இசைத்தொகுப்பான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் முதலாவதாக வரும் 'ஸோ வாட்' என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டைக் கேளுங்கள்: 16 பார் டி டோரியன், 8 பார் அரைச் சுரம் மேலே ஈ ஃபிளாட் டோரியன், மீண்டும் 8 பார் டி. கரகரப்பிரியாவை ஒரு கட்டை மாற்றிப் பாடிவிட்டுத் திரும்புவதுதானே? ராகம் தெரிந்தவர்கள் பாதி தூரத்தைக் கடந்துவிட்டார்கள்.

கருங்கட்டை:

அந்தப் பாட்டுக்கு நீங்கள் சொல்வது அழகாகப் பொருந்துகிறது, தம்பி. ஒரே ஸ்கேல் எட்டு பார் நிற்பதால் ராகம்போல் உலாவ இடம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் அந்த வழி கழுத்தை நெரிக்கும். மேலே சொன்ன இரண்டு–ஐந்து–ஒன்றையே எடுங்கள். டி-யில் கரகரப்பிரியா, ஜி-யில் ஹரிகாம்போஜி, சி-யில் சங்கராபரணம். ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காட்டும் கிரகபேதம் தெரிந்த உங்களுக்கு உடனே தெரியும், மூன்றும் ஒரே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். பெயரை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறீர்கள், ஒரு சுரம்கூட மாறவில்லை. அப்படியானால் கார்ட் மாறியதைக் கேட்பவருக்கு எது உணர்த்துகிறது? அந்த சி இறங்கி பி ஆவதும், எஃப் இறங்கி ஈ ஆவதும்தான். ஸ்கேலை மேலும் கீழும் ஓடுபவரின் வாசிப்பில் அது தெரியாது. அந்தச் சுரங்களைச் சரியான இடத்தில் தொடுபவரின் வாசிப்பில், இடது கையையே எடுத்துவிட்டாலும் கார்ட் மாறுவது கேட்கும்.

பாட்காஸ்ட்களும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஸ்கேல்களைப் பற்றிப் பேசுவது எளிது, மணிக்கணக்கில் பேசலாம். ஒரு சுரம் எந்தத் தட்டில் விழ வேண்டும் என்பதைப் பேசி விளக்குவது கடினம், வாசித்துத்தான் காட்ட முடியும்.

கரகரப்பிரியன்:

வெள்ளைக் கட்டைகள் வாதத்துக்குப் பதில் இல்லை. ஆனால் பாடிப் பாடிப் பழகிய காது உதவுகிறது என்பதையாவது விட்டுக்கொடுங்கள்.

கருங்கட்டை:

அதைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன். பாடச் சொன்னால் வெட்கப்படாத மாணவர் கிடைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

தாள்பிரியன்:

இன்னொரு சிக்கலை யாரும் தொடவில்லை. பாட்காஸ்ட் உங்கள் வாசிப்பைக் கேட்காது. நீங்கள் பெடலை மிதித்தபடியே இருந்தாலும், வேகம் ஏறிக்கொண்டே போனாலும் அந்தக் குரல் "மிக நன்று, அடுத்ததைப் பார்ப்போம்" என்றுதான் சொல்லும்.

கருங்கட்டை:

இதில் உங்களோடு முழுமையாக நிற்கிறேன். இதற்கு முழு மருந்து இல்லை, பாதி மருந்து உண்டு. பாட்டு தொடங்கி முடியும்வரை, தவறினாலும் நிறுத்தாமல் ஒலிப்பதிவு செய்யுங்கள். உடனே கேட்க வேண்டாம். வாசித்த சூட்டில் கேட்டால் விரலின் நினைவு காதை ஏமாற்றும். மறுநாள் கேளுங்கள். கேட்கும்போது மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் வையுங்கள். 120-க்கு வாசித்திருந்தால் 60-இல் வைத்து அந்தத் தட்டுகளை இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள். எங்கே ஓடியிருக்கிறீர்கள், எங்கே பின்தங்கியிருக்கிறீர்கள் என்பது கூச்சமில்லாமல் தெரிந்துவிடும்.

கூட வாசிக்க ஆள் இல்லாத குறைக்கு, பயிற்சிக்கான துணை இசை கொண்ட ஜேமி ஏபர்சோல்டின் இசைத்தட்டுகள் 1967 முதல் இருக்கின்றன. ஒரு பக்க ஒலியில் பாஸ், மறு பக்கத்தில் பியானோ. பியானோ பக்கத்தை அணைத்துவிட்டால் பாஸோடும் டிரம்ஸோடும் நீங்களே பியானோக்காரர். ஒலிவாங்கி, உங்கள் தொடரில் இதைச் செய்ய முடியாதா? இடது கை இடக்காதில், வலது கை வலக்காதில்?

ஒலிவாங்கி:

செய்யலாம். நான் மோனோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், கோப்பின் அளவைக் குறைப்பதற்காக. வாசித்துக் காட்டும் பகுதிகள் உள்ள எபிசோட்களையாவது ஸ்டீரியோவுக்கு மாற்றுகிறேன். ஒற்றைக் காதில் மட்டும் கேட்பவர்களுக்கு அது பாதிப் பியானோவாகிவிடும், அதுதான் தயக்கம். தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

செவிவழி:

அறிவியுங்கள். நான் ஒரு காதில் திரைவாசிப்பானையும் மறு காதில் பாட்காஸ்ட்டையும் வைத்திருப்பவன்.

இடக்கை:

அனைவருக்கும் நன்றி. பழைய எபிசோட் ஒன்றில் நின்றுவிட்டேன். மூன்றாம், ஏழாம் சுரங்கள் இரண்டும் பாட வருகின்றன. கையிலும் சி, எஃப், பி ஃபிளாட் ஸ்கேல்களில் நிற்காமல் போகிறது. மேலே உள்ள நான்கு சுர வாய்சிங்குக்குப் போனதும் சிக்கல். சி-யில் நன்றாக இருக்கிறது. ஸ்கேல் மாற மாறக் கை ஒன்று மிக மேலே ஏறி வலது கையோடு மோதுகிறது, அல்லது கீழே இறங்கி ஒலி குழம்புகிறது. எந்த வரிசையில் பன்னிரண்டையும் சுற்றுவது?

கருங்கட்டை:

மோதுவதற்குக் காரணம் நீங்கள் ஒரே வடிவத்தை எல்லா ஸ்கேல்களுக்கும் இழுப்பது. அதே நான்கு சுரங்களுக்கு இரண்டாவது அடுக்கு ஒன்று இருக்கிறது. டி மைனருக்கு ஏழாம் சுரத்திலிருந்து தொடங்குங்கள்: சி, ஈ, எஃப், ஏ. ஜி-க்கு பி, ஈ, எஃப், ஏ. சி-க்கு பி, டி, ஈ, ஜி. இதிலும் முதல் மாற்றத்தில் சி மட்டும் பி-யாக இறங்குகிறது. எந்த ஸ்கேலானாலும் இரண்டு அடுக்கில் ஒன்று நடு சி-யைச் சுற்றி வசதியாக விழும். நடு சி-க்குக் கீழே உள்ள டி-யைத் தாண்டி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நெருக்கமான சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பாஸ் வாசிப்பவரின் இடத்திலும் கால் வைப்பீர்கள்.

சுற்றும் வரிசைக்கு: சி மேஜரில் முடித்ததும், அந்த சி-யையே மைனராக்குங்கள். சி மைனர் 7, எஃப் 7, பி ஃபிளாட் மேஜர் 7. பிறகு பி ஃபிளாட் மைனர், ஈ ஃபிளாட் 7, ஏ ஃபிளாட். இப்படி ஒரு முழுச் சுரமாக இறங்கிக்கொண்டே போனால் ஆறு ஸ்கேல்களில் மறுபடி சி வந்துவிடும். மீதி ஆறுக்கு டி ஃபிளாட்டில் தொடங்குங்கள். இறங்க இறங்கக் கை கீழே போகும். எல்லையைத் தொட்டதும் அடுக்கை மாற்றுங்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கார்டையும் ஒரு முறை மட்டும், பாரின் முதல் தட்டில். அது பழகியதும் முதல் தட்டிலும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலும். அந்த இரண்டாவது அழுத்தம் எப்போதும் சீக்கிரம் விழுந்துவிடும். ஒலிப்பதிவில் அதைத் தேடுங்கள்.

இடக்கை:

டி ஃபிளாட் சுற்று நாளையிலிருந்து. ஒலிப்பதிவை இங்கே ஏற்றலாமா?

நள்ளிரவுவாசிப்பு:

ஏற்றுங்கள். நானும் என்னுடையதை ஏற்றுகிறேன், இரண்டாவது அழுத்தம் யாருக்கு முந்தி விழுகிறது என்று பார்ப்போம்.